ஒண்ணைக் கழிச்சுச் சொல்லு

எனக்குச் சம்பளமே சந்தேகப்படுறதுக்குத்தான். பஸ்ல டிக்கெட் செக் பண்றவ நான். வழியில ஏதாவது ஒரு ஸ்டாப்புல ஏறி, ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கிட்டே உள்ள வருவேன். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் வழியா வெளியில ரொம்ப அக்கறையா பாப்பான். எடுத்தவன் என்னையே பாப்பான், கேக்கட்டும் காட்டுறேன்ங்கிற மாதிரி. இத்தனை வருஷத்துல இந்தக் கணக்கு எனக்குத் தப்பினதே இல்ல. அதனால என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை வெச்சுக்கிட்டு ஜன்னலுக்கு வெளியில அக்கறையா பாக்க ஆரம்பிச்சப்போ, எனக்கு மூக்கு வேர்த்துடுச்சு.

அவர் நாலாம் வகுப்பு வாத்தியார். எங்க வீட்டுலேர்ந்து ரெண்டு ஸ்டாப் தள்ளி ஸ்கூல். கோபமே வராத மனுஷன். எந்தப் பிள்ளை எதைத் தப்பா சொன்னாலும் "மெதுவா, மெதுவா"ம்பார். பிள்ளைங்க அவருக்கு வெச்ச பேரே மெதுவா சார். வீட்டுலயும் அதே கதைதான். நான் கத்த வேண்டியதெல்லாம் கத்தி முடிச்சு, டீ போட்டுக் குடிச்சு, டம்ளரையும் கழுவி வெச்சப்புறம்தான் அவர் முதல் கேள்விக்கே பதில் சொல்வார். கல்யாணம் ஆன புதுசுல என் நாத்தனார் ஒரு விஷயம் சொல்லி வெச்சாங்க. "என் தம்பிக்குப் பொய் சொல்ல வராதும்மா, மறைச்சா காது ரெண்டும் செவந்துடும்"னு. அது சத்தியமான வார்த்தை. எனக்கு அவர் காதுதான் எல்லாமே சொல்லும்.

அந்தத் தரச் சட்டம் வந்ததுக்கப்புறம் அவர் காது செவக்காத நாளே இல்ல. சட்டசபையில கையைத் தூக்கி, மேஜையைத் தட்டி, ஒரே நாள்ல பாஸ் பண்ணிட்டாங்க. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு நம்பர் போட்டு எழுதி வெச்சிருக்காங்களாம். எல்லா ஸ்கூலுக்கும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே பரீட்சை. அன்னிக்கு வகுப்பு வாத்தியார் ஸ்கூல் வாசப்படியைக்கூட மிதிக்கக் கூடாது, வெளி ஆளு வந்து பேப்பர் குடுப்பாங்க, மெஷின் திருத்தும். இதுவரைக்கும் சரி. ஆனா அதுல ஒரு பிரிவு இருக்கு. ஒரு வகுப்புல பெரும்பாலான பிள்ளைங்க ஒரே தப்பை ஒரே மாதிரி எழுதியிருந்தா, மெஷின் தனியா எடுத்து வெச்சுடும். விசாரணை வரும். வாத்தியார் விடையைச் சொல்லிக் குடுத்தார்னு முடிவானா, லைசென்ஸ் போச்சு. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் எந்த ஸ்கூல்லயும் வகுப்புல நிக்க முடியாது. என் வீட்டுக்காரருக்கு வேற எந்த வேலையும் தெரியாது, வேற எதுவும் புடிக்கவும் புடிக்காது. லீவு நாள்ல சும்மா உக்காந்திருக்கும்போதுகூட, காலி டம்ளரை வெச்சுக்கிட்டு பின்னத்தை எப்படிச் சொன்னா புரியும்னு யோசிச்சுக்கிட்டிருப்பார்.

பரீட்சை முடிஞ்ச மறுநாள் சாயங்காலம் அவர் லேட்டா வந்தார். கையில நீளமா ஒரு பொட்டலம். என்னன்னு கேட்டேன். "ஸ்கூலுக்கு"ன்னார். அதுக்கு மேல பிடி குடுக்கல. மறுநாள் காலையில அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கிட்டு, சீக்கிரமே கிளம்பிட்டார். அந்த வாரமே இன்னொரு நாள் ஒரு பழைய துணிப்பையோட வந்தார், அதை என் கண்ணுல படாம உள்ள கொண்டு போறதா நினைச்சுக்கிட்டு முதுகுக்குப் பின்னாடி புடிச்சுக்கிட்டு நடந்தார். பை கலகலன்னு சத்தம் போட்டுக்கிட்டே போச்சு. ஆள் இருக்குற சூட்டிகைக்கு இவரெல்லாம் திருடினா முதல் வீட்டுலயே மாட்டிக்குவார்னு நினைச்சுக்கிட்டேன். சிரிப்பு வந்துச்சு, ஆனா உள்ளுக்குள்ள என்னமோ உறுத்திச்சு.

போன் வந்தா மாடிப்படிக்குப் போய்ப் பேசினார். பேசினது பெரிய டீச்சர்கிட்ட. அவங்க அந்த ஸ்கூலோட தலைமை ஆசிரியை, ரிட்டயர் ஆகுறதுக்கு இன்னும் கொஞ்ச மாசம்தான் பாக்கி. எல்லாரும் அவங்களைப் பெரிய டீச்சர்னுதான் கூப்பிடுவாங்க. நான் துணி காயப் போடுற சாக்குல படிக்குப் பக்கத்துல போய் நின்னேன். "நீங்க கவலைப்படாதீங்க டீச்சர், என் வாயிலேர்ந்து வராது"ன்னு இவர் சொன்னது காதுல விழுந்துச்சு. ஈரத் துணியைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன்.

வேற வீட்டுல பொம்பளைங்களுக்கு வேற மாதிரி சந்தேகம் வரும். எனக்கு அந்தக் கவலை இல்ல. இந்த மனுஷனை இன்னொருத்தி வெச்சு மேய்க்கணும்னா அவளுக்கும் என் அளவுக்குப் பொறுமை வேணும், அப்படி ஒருத்தி எங்கயும் கிடையாது. எனக்கு வந்த சந்தேகம் ஒண்ணே ஒண்ணுதான். பேப்பர் முன்னாடியே வெளியில வந்திருக்கு. பெரிய டீச்சர் கையில கிடைச்சு, இவர் கைக்கு வந்திருக்கு. இவர் முடியாதுன்னு சொல்லத் தெரியாம வாங்கிக்கிட்டார்.

கடிதாசு வந்த அன்னிக்கு அந்தச் சந்தேகம் கெட்டியாகிப் போச்சு. அந்தச் சட்டத்தை நடத்துற தர ஆணையத்துலேர்ந்து வந்திருந்துச்சு. பரீட்சையில நீளம் அளக்குற கணக்கு மூணு. ஒண்ணுல பென்சில், ஒண்ணுல சாவி, ஒண்ணுல இலை. மூணும் ஸ்கேல் மேல கிடக்குற மாதிரி படம் போட்டு, எத்தனை சென்டிமீட்டர்னு கேட்டிருந்தாங்க. இவர் வகுப்புப் பிள்ளைங்க அத்தனை பேரும் மூணையும் தப்பா எழுதியிருந்தாங்க. தப்புன்னா ஆளுக்கொரு தப்பு இல்ல. அத்தனை பேரும் ஒரே தப்பு. பென்சில் ஏழு சென்டிமீட்டர், எல்லாரும் ஆறுன்னு போட்டிருந்தாங்க. விசாரணைக்கு வரச் சொல்லி, துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு வரலாம்னும் போட்டிருந்துச்சு.

என் வேலையில ஒண்ணு பாத்திருக்கேன். நாலு பேர் தனித்தனியா டிக்கெட் எடுக்காம மாட்டினா நாலு கதை சொல்வாங்க. ஒருத்தனுக்குப் பர்ஸ் காணாம போயிருக்கும், இன்னொருத்தன் அடுத்த ஸ்டாப்புல எடுக்கலாம்னு இருந்திருப்பான். நாலு பேரும் வார்த்தை மாறாம ஒரே கதையைச் சொன்னா, ஏறுறதுக்கு முன்னாடியே எவனோ சொல்லிக் குடுத்து ஏத்தி விட்டிருக்கான்னு அர்த்தம். அத்தனை பிள்ளைங்களும் ஆறுன்னு எழுதினா, ஆறுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. பேப்பரை அவசரத்துல வாங்கி, விடையைத் தப்பா குறிச்சுக்கிட்டு, அந்தத் தப்பையே இவர் பிள்ளைங்களுக்குப் பாடம் பண்ணி வெச்சுட்டார்.

அவரை எதிர்ல உக்கார வெச்சேன். சுத்தி வளைக்கல.

"பேப்பர் உங்க கைக்கு முன்னாடியே வந்துச்சா?"

அவர் என்னை நிமிர்ந்து பாத்தார். காது செவந்துடுச்சு. ஆனா வந்துச்சுன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. "நீ அப்படியா நினைக்கிற?"ன்னு மட்டும் கேட்டுட்டு எழுந்து போய்க் கையைக் கழுவினார். சாப்பிட்டு எவ்வளவோ நேரம் ஆச்சு. கழுவின கையையே திரும்பக் கழுவிக்கிட்டிருந்தார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. தப்பு பண்ணியிருந்தாலும் பரவாயில்ல, என்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இத்தனை வருஷம் கூட இருந்தவகிட்டயே மென்னு முழுங்கினா என்ன அர்த்தம்? நாத்தனாருக்குப் போன் பண்ணிப் புலம்பினேன். அவங்க என் தம்பி பச்சைப்புள்ள, யாரோ மாட்டி விட்டிருப்பாங்கன்னு ஆரம்பிச்சாங்க. உங்க பச்சைப்புள்ளைக்குத் தலையே நரைச்சுப் போச்சுன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

விசாரணைக்கு முந்தின நாள் எனக்கு மதிய ஷிப்ட் இல்ல. அவர் ஸ்கூலுக்குப் போயிருந்தார். ஒரு வீட்டுல ஒரு மனுஷன் எதையாவது ஒளிச்சு வெக்கணும்னா எங்க வெப்பார்? பொம்பளை கை வெக்க மாட்டாள்னு அவர் நினைக்குற இடத்துல. எங்க வீட்டுல அப்படி ஒரே இடம்தான், அவரோட பழைய கண்ணாடி, ஓடாத ரேடியோ எல்லாம் கிடக்குற பரண். ஸ்டூல் போட்டு ஏறினேன். ரேடியோவுக்குப் பின்னாடி அந்தத் துணிப்பை இருந்துச்சு. இழுத்ததும் கலகலன்னு சத்தம்.

பேப்பர் கட்டுதான் இருக்கும்னு திறந்தேன். உள்ள பூரா ஸ்கேல். மர ஸ்கேல். புதுசு ஒண்ணுகூட இல்ல. எல்லாம் பிள்ளைங்க வாயில வெச்சுக் கடிச்சது, மேஜையில தட்டித் தட்டிச் சிதறினது, பிளேடால சுரண்டினது. ஒவ்வொண்ணா எடுத்துத் தரையில அடுக்கினேன். முக்கால்வாசி ஸ்கேலுக்கு ஆரம்பமே இல்ல. சைபர் இருக்குற முனை தேஞ்சோ உடைஞ்சோ போயிருந்துச்சு. ஒண்ணுலேர்ந்துதான் ஒழுங்கா தெரிஞ்சுது. நான் தரையில சப்பணம் போட்டு உக்காந்துக்கிட்டு, இதைப் போய் எந்தத் திருடன் ஒளிச்சு வெப்பான்னு தலையைச் சொறிஞ்சேன்.

அவர் வந்ததும் தரையைப் பாத்தார், என்னைப் பாத்தார், செருப்பைக்கூடக் கழட்டாம அப்படியே கதவோரம் உக்காந்துட்டார். அன்னிக்குத்தான் எல்லாத்தையும் சொன்னார், மெதுவா.

சட்டத்துல எல்லாப் பிள்ளைக்கும் நல்ல அளவுச் சாமான் இருக்கணும்னு போட்டிருக்கு. ஆனா சட்டம் வந்துச்சே தவிர ஸ்கேல் வரல. இவர் பெரிய டீச்சர்கிட்ட கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சு போனார். இருக்கறதுல சிலதுக்குச் சைபர் இருக்கு, சிலதுக்கு இல்ல. ஒரே பெஞ்சுல ஒரு பிள்ளை சைபர்லேர்ந்தும் பக்கத்துப் பிள்ளை ஒண்ணுலேர்ந்தும் அளந்தா குழம்பிடும். அதனால எல்லாரையும் ஒண்ணுலேர்ந்தே வெச்சு அளக்கச் சொல்லியிருக்கார். முடியிற இடத்துல இருக்குற எண்ணைப் படி, அதுல ஒண்ணைக் கழிச்சுச் சொல்லு. வருஷம் பூரா இதுதான் பாடம். பிள்ளைங்க அதைப் பாட்டாவே பாடிக்கிட்டுத் திரிஞ்சிருக்காங்க. உடைஞ்ச ஸ்கேல்ல அது சரியான விடைதான். பரீட்சைப் பேப்பர்ல படம் போட்ட ஸ்கேலுக்கு முனை முழுசா இருந்துச்சு, பென்சிலைச் சைபர்லேர்ந்து வெச்சிருந்தாங்க. பிள்ளைங்க ஏழைப் படிச்சாங்க, ஒண்ணைக் கழிச்சாங்க, ஆறுன்னு எழுதிட்டாங்க.

"மறுநாள் காலையில ஸ்கூல் வாசலுக்கே ஓடி வந்தாங்க. சார், ஸ்கேல் கணக்கு வந்துச்சு, நாங்க எல்லாரும் மறக்காம கழிச்சுட்டோம்னு. எவ்வளவு சந்தோஷமா சொன்னாங்க தெரியுமா? எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிடலாமான்னு இருந்துச்சு."

அன்னிக்குச் சாயங்காலமே கைக்காசு போட்டு எல்லாருக்கும் புது ஸ்கேல் வாங்கிட்டாராம், அதுதான் அந்த நீளப் பொட்டலம். அந்த வாரமே, சாமானைப் பாக்க ஆணையத்து ஆளுங்க வர்றாங்கன்னு சேதி வந்திருக்கு. பெரிய டீச்சர் ஏற்கெனவே எல்லாம் நல்ல நிலையில இருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. அவங்க பதறிப் போய், பழைய ஸ்கேலை உடனே ஸ்கூலை விட்டு எடுத்துக்கிட்டுப் போங்கன்னு இவரைக் கெஞ்சியிருக்காங்க. இவர் வாக்கு குடுத்துட்டார். குப்பையில போடவும் மனசு வரல, பரண்ல ஏத்திட்டார்.

எனக்கு ஒரு நிமிஷம் உச்சி குளிர்ந்து போச்சு. என் வீட்டுக்காரர் திருடல. அடுத்த நிமிஷமே அந்தக் குளிர் போய்க் கோபம் வந்துடுச்சு. இதை என்கிட்ட சொல்ல என்ன கேடு? அதைக் கேட்டேன். திருடினேன்னு சந்தேகப்பட்டாலாவது தாங்கிக்கலாம், தப்பா பாடம் எடுத்தேன்னு உன்கிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றதுன்னார். கைக்காசுல வாங்குனதை ஒரு வருஷம் முன்னாடியே வாங்கியிருந்தா இது வந்திருக்காதேன்னு, நான் கேக்க வேண்டிய கேள்வியையும் அவரே கேட்டுக்கிட்டார். அப்புறம் என்னத்தைத் திட்டுறது?

ஆனா பையை விசாரணைக்கு எடுத்துக்கிட்டு வருவேன்னு சொல்லிட்டேன். பெரிய டீச்சருக்கு வாக்கு குடுத்தது நீங்க, நான் இல்லன்னேன். துணைக்கு ஒரு ஆள்னு போட்டிருக்கே, அந்த ஆள் நான்தான்னேன். அவர் வேண்டாம் வேண்டாம்னு மெதுவா சொல்லிக்கிட்டே இருந்தார். அந்த மெதுவாவை நான் எப்பக் கேட்டிருக்கேன்?

விசாரணை பெரிய டீச்சர் ரூம்ல. அதிகாரி என்னைவிட வயசுல சின்னவர். சட்டையை மடிப்புக் கலையாம போட்டிருந்தார், ரொம்ப மரியாதையா பேசினார். மரியாதையா பேசிக்கிட்டே என் கையைப் பாத்தார், பையைப் பாத்தார், இவர் காதைப் பாத்தார். எனக்குத் தெரிஞ்ச பார்வை அது. தினமும் நான் பாக்குற பார்வை. அதுக்கு எதிர்ப் பக்கம் நிக்குறது இவ்வளவு கூச்சமா இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஒரு தப்பும் பண்ணாம, கையை எங்க வெச்சுக்குறதுன்னு தெரியாம முழிச்சேன்.

பையை மேஜையில கொட்டி விஷயத்தைச் சொன்னேன். அதிகாரி ஒரு ஸ்கேலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தார். உடைஞ்ச முனையை விரலால தடவினார். அப்புறம் இது எங்கேர்ந்து வருதுன்னு கேட்டார். எங்க வீட்டுப் பரண்லேர்ந்துன்னேன். சொல்லும்போதே என் காதுக்கே அது நல்லா இல்ல. வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்னு புரிஞ்சுது.

அவர் பெரிய டீச்சர் பக்கம் திரும்பினார். "இது உங்க ஸ்கூல் ஸ்கேலா?"

பெரிய டீச்சர் தண்ணி டம்ளரை எடுத்தாங்க, குடிக்காம வெச்சாங்க. என் வீட்டுக்காரரைப் பாக்கவே இல்ல.

"இங்க எல்லாம் நல்ல ஸ்கேல்தான் சார். இதை நான் பாத்ததில்ல."

அந்த அம்மாவைப் பிடிச்சு உலுக்கணும் போல இருந்துச்சு. ரிட்டயர் ஆகப் போற வயசுல இப்படி நிக்குறாங்களேன்னு பாவமாவும் இருந்துச்சு, அதுல கோபம் இன்னும் அதிகமாச்சு. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசணுமே? தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னார். வாக்கு குடுத்திருக்காராம் வாக்கு.

அதிகாரி ரொம்பப் பொறுமையா சொன்னார், பழைய ஸ்கேல் எந்தக் கடையிலயும் கிடைக்கும், யார் வேணும்னாலும் உடைக்கலாம், அதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதுன்னு. நியாயமா பாத்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதான் எனக்கு இன்னும் எரிச்சல். அப்பத்தான் எனக்கு அந்த யோசனை தோணுச்சு. தோணாமயே இருந்திருக்கலாம்.

ஸ்கேலை நம்ப வேண்டாம், பிள்ளைங்களை நம்புங்கன்னேன். பக்கத்துலதான் வகுப்பு, பிள்ளைங்க உக்காந்திருக்காங்க, நீங்களே போய் எதையாவது அளக்கச் சொல்லுங்க, ஒவ்வொண்ணும் ஒண்ணைக் கழிச்சுத்தான் சொல்லும், உங்க கண்ணு முன்னாடியே தெரிஞ்சுடும்னேன். அதிகாரி கொஞ்சம் யோசிச்சார். அது சரியான சோதனைதான், அப்படி நடந்தா நான் எழுதுறதே வேற மாதிரி இருக்கும்னார். எனக்கு நெஞ்சு லேசாச்சு. ஜெயிச்சுட்டோம்னே நினைச்சேன். திரும்பி இவரைப் பாத்தா, மனுஷன் மூஞ்சியில ரத்தமே இல்ல.

கொட்டின ஸ்கேலையெல்லாம் திரும்பப் பையில அள்ளிக்கிட்டு வகுப்புக்குப் போனோம். பிள்ளைங்க எழுந்து நின்னு வணக்கம் சொன்னாங்க, அதிகாரி உக்காரச் சொன்னார். மேஜை மேல எல்லாம் புது ஸ்கேல், ஒண்ணுகூட கடிபடாம பளபளன்னு இருந்துச்சு. அதிகாரி தன் சட்டைப் பையிலேர்ந்து பேனாவை எடுத்து முதல் பெஞ்சுல ஒரு பொண்ணு முன்னாடி வெச்சார். வாயாடின்னு என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வாரே, அந்தப் பொண்ணு. இது எவ்வளவு நீளம், அளந்து சொல்லும்மான்னார் அதிகாரி.

அது பேனாவை ஸ்கேல் பக்கத்துல வெச்சுது. வெச்சுட்டுச் சட்டுனு தலையைத் தூக்கி என் வீட்டுக்காரரைப் பாத்துச்சு.

"சார், பழைய மாதிரி சொல்லணுமா, புது மாதிரி சொல்லணுமா?"

அப்பத்தான் மண்டையில உறைச்சுது. இந்த மனுஷன் புது ஸ்கேல் வாங்கிட்டுச் சும்மா இருந்திருப்பாரா? அதைக் கொண்டு போன நாள்லேர்ந்து உக்காந்து, பழைய பழக்கத்தை ஒவ்வொரு பிள்ளைகிட்டேர்ந்தும் மெதுவா, மெதுவா எடுத்துட்டார். அவர் திருடலங்கிறதுக்கு இருந்த ஒரே சாட்சி பிள்ளைங்க கையில இருந்த அந்தத் தப்புதான். அதை அவரே திருத்திட்டார்.

ஆனாலும் ஒண்ணும் கெட்டுப் போயிடல. பிள்ளை கேக்குது, பழைய மாதிரியா, புது மாதிரியா? பழைய மாதிரின்னு ரெண்டு வார்த்தை சொன்னா போதும். அது ஒண்ணைக் கழிச்சுச் சொல்லும், அத்தனையும் கழிச்சுச் சொல்லும். அது பொய்யும் இல்ல, நடந்ததைத்தானே காட்டுறோம்? லைசென்ஸ் பொழைக்கும். அவர் என்னைப் பாத்தார். சொல்லித் தொலைங்கன்னு எனக்கு உள்ளுக்குள்ள கத்துது, வாய் திறக்க முடியல, அதிகாரி என் மூஞ்சியையும்தான் பாத்துக்கிட்டிருக்கார்.

அவர் அந்தப் பிள்ளை பக்கம் திரும்பினார். அது ஸ்கேலைப் புடிச்சுக்கிட்டு அவர் வாயையே பாத்துக்கிட்டிருந்துச்சு.

"மெதுவா. சரியா அளந்து சொல்லு."

அது குனிஞ்சு, பேனாவோட அடியைச் சைபர்ல ஒட்டி வெச்சு, விரலால பிடிச்சுக்கிட்டு, எண்ணைப் படிச்சுது. கழிக்கல. பதினாலுன்னுச்சு. அதிகாரி அடுத்த பிள்ளைக்குக் குடுத்தார், பதினாலு. பின் பெஞ்சுக்குப் போனார், பதினாலு. சாவிக்கொத்தை எடுத்து ஒரு சாவியை அளக்கச் சொன்னார், அதையும் சரியா சொன்னாங்க. பேசாம இருக்குற பிள்ளைங்க, மூக்கு ஒழுகுற பிள்ளைங்க, எல்லாம் சரியா சொல்லிச்சு. நான் யாராவது ஒருத்தர் தப்பா சொல்லுங்களேன்னு ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கிட்டு நின்னேன். என் வாழ்க்கையில இப்படி ஒரு வேண்டுதலை நான் வேண்டினதே இல்ல.

அதிகாரி பேனாவைத் திரும்பச் சட்டைப் பையில சொருகிக்கிட்டார். இப்ப இவ்வளவு நல்லா தெரிஞ்ச பிள்ளைங்களுக்குப் பரீட்சை அன்னிக்கு மட்டும் எப்படி அத்தனை பேருக்கும் தெரியாம போச்சுன்னு கேட்டார். புது ஸ்கேல், அதுக்கப்புறம் சொல்லிக் குடுத்ததுன்னு நான் ஆரம்பிச்சேன். அவர் கையை லேசா உயர்த்தினார். பிள்ளை பதில் சொல்றதுக்கு முன்னாடி எந்தப் பதில் வேணும்னு வாத்தியாரைக் கேக்குது, நான் என் காதால கேட்டேன், இதுக்கு மேல எனக்கு வேற ஒண்ணும் தேவையில்லம்மான்னார். திமிரா சொல்லல, வருத்தமாவே சொன்னார். நான் பஸ்ல அபராதச் சீட்டைக் கிழிக்கும்போது இப்படித்தான் சொல்லுவேன்.

பெரிய டீச்சர் கதவுக்கு வெளியில சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. கடந்து போகும்போது என் கையைப் பிடிக்க வந்தாங்க, நான் பையைத் தூக்கி என்னோட அந்தக் கையிலயே மாட்டிக்கிட்டேன். திட்டணும்னு வாய் துடிச்சுது. அவங்களை ஒண்ணும் சொல்லாதேன்னு பின்னாடியிருந்து இவர் குரல் வந்துச்சு. அன்னிக்கு மட்டும் அந்த மெதுவாவைக் கேட்டேன்.

வீட்டுக்குப் பஸ்ல வந்தோம். என்கிட்ட பாஸ் இருக்கு, அவருக்கு மட்டும் டிக்கெட் எடுத்தோம். துணிப்பை என் மடியில, பஸ் குலுங்கும்போதெல்லாம் கலகலங்குது. நாளைக்கு என்ன செய்வார், எங்க போவார், காலையில எழுந்து எந்தச் சட்டையைப் போடுவார்னு எனக்கு நெஞ்சு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. ரெண்டு வார்த்தை, ரெண்டே வார்த்தை சொல்லக் கூடாதான்னு கேக்கத் திரும்பினேன். ஜன்னலோரம் உக்காந்திருந்தார். வெளியில பாக்கல. என்னையே பாத்துக்கிட்டிருந்தார். காது செவக்கல. அந்தச் சட்டம் வந்ததுலேர்ந்து நான் பாக்காத ஒரு சிரிப்பு, பல்லு தெரிய.

"ஒருத்தர்கூடக் கழிக்கல, பாத்தியா?"ன்னார்.

கேக்க வந்த கேள்வியை முழுங்கிட்டேன்.

"பாத்தேன்"னேன்.